1996 கறுப்பு பென்ஸ் ஈ220: உடம்பெல்லாம் கோடு, பழைய பெயிண்டைக் காப்பாற்ற முடியுமா?

கோவை_ஈ220 எழுதியது (சனி, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் வண்டி இது. 1996 மெர்சிடிஸ் ஈ220, டபிள்யூ124 மாடல், புனே ஆலையில் பாகங்களைப் பூட்டிச் சேர்த்தது. கறுப்பு, பெயிண்ட் எண் 040. எஞ்சின், சஸ்பென்ஷன் வேலையெல்லாம் போன வருடமே முடித்துவிட்டேன். இப்போது பெயிண்ட்தான் கண்ணை உறுத்துகிறது.

நிழலில் நின்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காலை வெயிலுக்கு வெளியே எடுத்தால் பானெட், மேற்கூரை, டிக்கி மூன்றும் சிலந்தி வலை. கதவுகளில் நீளவாக்கில் கோடு. டிரைவர் பக்கக் கைப்பிடிக்குப் பின்னால் நகமும் மோதிரமும் பட்ட கீறல்கள். இடது முன் மட்கார்டில் ஒரு விரல் நீளத்துக்கு ஆழமான கீறல்.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 15 வருடம் தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டித் துடைத்தோம். அப்பா தவறிய பிறகு 5 வருடம் போர்ட்டிகோவில் கவர் போட்டு நின்றது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கவர் நாள் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே புழுதி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

மூன்று மாதம் முன்பு ஒரு கடையில் 14,000 ரூபாய் கொடுத்து பாலிஷ் போட்டேன். கையில் கொடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. நாலாவது தடவை கழுவியபோது பழைய கோடுகள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. அதோடு புதிதாகப் பானெட் முழுக்க நிழல் மாதிரி அலை அலையாக ஒரு தடம். ரொம்ப மனசு விட்டுப்போச்சு. நானே பொறுமையாகக் கற்றுக்கொண்டு செய்யலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

---

வாட்டர்பேப்பர்_மதுரை எழுதியது

தம்பி, 22 வருடமாகப் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் உங்கள் கோட்டை எடுக்கவில்லை, அடைத்திருக்கிறார்கள். கிளேஸ் என்று எண்ணெய்ப்பசை உள்ள ஒரு சாமான் இருக்கிறது. பூசினால் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளிச்சம் சிதறாது. நாலு ஷாம்பூ வாஷில் அது கரைந்து போய்விடும். அலைத் தடம் வேறு கதை. ஊல் (கம்பளி) பேட் போட்டு, ஒரே அச்சில் சுற்றுகிற ரோட்டரி மெஷினில் அறுத்துவிட்டு, அந்தத் தடத்தை எடுக்கிற அடுத்த கட்டம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

வண்டியைக் கழுவிக் காயவைத்து, ஆழமாகத் தெரிகிற கோட்டின் மேல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினால் அது பாலிஷில் போகாது. சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் எடுக்கலாம். எத்தனை சிக்குகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

---

மைக்ரான் எழுதியது

நான் சென்னைப் பக்கம் ஒரு கார் ஆலையின் பெயிண்ட் பிரிவில் தரச் சோதனையில் இருக்கிறேன். பழைய கறுப்பு வண்டி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் பார்க்கிற வட்டங்கள் வட்டமான கீறல்கள் அல்ல. எல்லாம் சின்னச் சின்ன நேர்க்கோடுகள், எல்லாத் திசையிலும் இருக்கின்றன. சூரியன் பிம்பம் விழும் இடத்தைச் சுற்றி, வெளிச்சம் வரும் திசைக்குக் குறுக்கே இருக்கிற கோடுகள் மட்டும் உங்கள் கண்ணுக்கு மின்னுகின்றன, மற்றவை மறைந்துவிடுகின்றன. அதனால்தான் நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். வெள்ளை வண்டியிலும் இதே அளவு கீறல் இருக்கும். ஆனால் வெள்ளையே எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கீறலின் மினுக்கம் அதில் கலந்துவிடும். கறுப்பில் பின்னால் ஒன்றுமே இல்லை, இருட்டு. சின்ன மினுக்கமும் அதில் கத்தி மாதிரி தெரியும்.

அதனால் கடையின் டியூப் லைட்டை நம்பாதீர்கள். காலை 8 மணி வெயில், அல்லது ஒற்றை எல்இடி டார்ச். இரண்டும்தான் உண்மை சொல்லும்.

அடுத்தது பெயிண்ட் தடிமன். கையடக்க மீட்டர் ஒன்று வாடகைக்காவது வாங்கி ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடம் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஆலையில் அடித்த பெயிண்ட் என்றால் மொத்தம் 100 முதல் 150 மைக்ரானுக்குள் வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). அடியில் துருப்பிடிக்காமல் காக்கிற இ-கோட் 20 வாக்கில், மேலே பிரைமர் 30, 35. மிச்சம்தான் நிறம். தலைமுடி ஒன்று 70 மைக்ரான் வாக்கில் இருக்கும். நீங்கள் மெஷின் வைத்துத் தேய்க்கப்போவது தலைமுடியை விட மெல்லிய ஒரு தோலை. 200க்கு மேல் காட்டினால் மறு பெயிண்ட். 500, 800 என்று போனால் அடியில் பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கிறது.

இன்னொன்று. ஒரு வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு இருக்கிறது. கறுப்பாக வந்தால் கிளியரே இல்லை, நிறத்தையே தேய்க்கிறீர்கள். உங்கள் 040க்கு இதை முதலில் பார்ப்பது முக்கியம்.

---

கோவை_ஈ220 எழுதியது (ஞாயிறு, மாலை 6:15)

மைக்ரான் அக்கா, மதுரை அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. இன்று முழு நாளும் இதிலேயே போனது.

துணி கறுத்துவிட்டது. டிக்கி மூடியின் உள் விளிம்புக்குப் பக்கத்தில் தேய்த்தேன். மூன்றாவது தேய்ப்பிலேயே மை தொட்ட மாதிரி வந்தது. ஒரு நிமிடம் பயந்துபோய்விட்டேன்.

மீட்டர் நண்பனிடம் வாங்கினேன். பானெட் 108 முதல் 121. மேற்கூரை 115 முதல் 126. வலது பக்கக் கதவுகள் இரண்டும் 110 வாக்கில். டிக்கி 104, ஒரு மூலையில் 97. இடது முன் மட்கார்டு 340 முதல் 690! இடது முன் கதவு 230. பம்பரிலும் கதவுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் பட்டையிலும் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை.

நகம் சிக்குவது மொத்தம் 11 கோடு. அதில் 6 இடது மட்கார்டில். 2003இல் அப்பா ஒரு தடவை கேட்டில் இடித்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

---

கிள்ளான்_மாறன் எழுதியது

தம்பி, மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். என்னிடமும் கறுப்பு 124 இருக்கிறது, இங்கேயும் வெயிலுக்குக் குறைவில்லை. துணி கறுத்ததற்குப் பயப்படாதீர்கள், அது நல்ல செய்தி. அந்தக் காலத்தில் மெர்சிடிஸ் கறுப்பு 040, வெள்ளை போன்ற சாதா நிறங்களைக் கிளியர் இல்லாமல் ஒற்றை அடுக்காகவே அடித்தது. மெட்டாலிக் நிறங்களுக்குத்தான் மேலே கிளியர். நீங்கள் அளந்ததில் இடது முன் மட்கார்டும் இடது முன் கதவும் தவிர மற்றதெல்லாம் ஆலை பெயிண்டாகவே இருக்கிறது. 29 வருடத்து வண்டியில் இது லேசில் கிடைக்காது.

ஒற்றை அடுக்கு பெயிண்டின் குணம் வேறு. வெயில் நேரடியாக நிறத்தையே தாக்கும், எண்ணெய்ச்சத்து போய் வறண்டுவிடும், மேல் தோல் செத்து வெளுத்த மாதிரி இருக்கும். அதை நேரே காம்பவுண்ட் (பெயிண்டை அறுக்கிற கரகரப்பான பாலிஷ்) போட்டு அறுத்தால், ஊட்டம் கொடுத்தால் மீண்டிருக்கக்கூடிய பெயிண்டையும் சேர்த்துத் தூக்கி எறிகிறீர்கள். நான் செய்தது இது. மெகுயார்ஸ் 7ஆம் நம்பர் கிளேஸ், ரொம்பப் பழைய சரக்கு, எண்ணெய் மிகுந்தது. துண்டு மாதிரி இருக்கிற டெர்ரி துணியில் தாராளமாக எடுத்துக் கையால் அழுத்தித் தேய்த்து, கனமாக ஒரு பூச்சு விட்டு இரவு முழுக்க அப்படியே ஊறவிட வேண்டும். மறுநாள் அதன் மேலேயே இன்னொரு பூச்சு போட்டு இளக்கித் துடைக்க வேண்டும். துணி கறுக்கும், கறுக்கட்டும். இரண்டு தடவை செய்த பிறகு பாருங்கள், நிறம் ஆழம் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் மெஷின்.

---

டாலர்சிட்டி_ரவி எழுதியது

இவ்வளவு பாடு எதற்கு? ஒன்றரை லட்சம் செலவு பண்ணினால் பூத்தில் (பெயிண்ட் அடிக்கிற மூடிய அறையில்) விட்டு முழு வண்டியும் புது பெயிண்ட், மேலே இரண்டு கோட் கிளியர். பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. 29 வருடப் பெயிண்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பது என் கருத்து.

---

வாட்டர்பேப்பர்_மதுரை எழுதியது

ரவி சார், பெயிண்ட் அடித்துத்தான் நான் சோறு தின்கிறேன், ஆனாலும் இந்த வண்டிக்கு முழுப் பெயிண்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒழுங்காக அடிக்க வேண்டுமென்றால் கண்ணாடி, பீடிங், லைட், கைப்பிடி எல்லாம் கழற்ற வேண்டும். 29 வருட ரப்பரைக் கழற்றினால் பாதி உடையும், திரும்ப மாட்டினால் காற்றுச் சத்தம், மழை ஒழுகல். கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால் இரண்டு வருடத்தில் ஓரம் உரியத் தொடங்கும். ஆலையில் உடம்பை மட்டும் அடுப்பில் விட்டு 140 டிகிரி வாக்கில் சுட்டது. பட்டறை பூத்தில் பாகமெல்லாம் மாட்டிய முழு வண்டியை 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோக முடியாது. அந்த இறுக்கம் வராது.

இடது மட்கார்டு மட்டும் வேறு. அது 690 காட்டுகிறது, பட்டி கனமாக இருக்கிறது, அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை. அதைக் கழற்றி, பட்டியை எடுத்து, தகரத்தை நேராக்கி, பி.யு. (பாலியூரித்தேன் பெயிண்ட்) கறுப்பு அடிக்கலாம். அதுவும் கடைசியில். மற்ற பேனல்களை முதலில் பாலிஷ் செய்து முடித்தால்தான் எந்தக் கறுப்புக்கு ஒத்துப்போக வேண்டும் என்று பெயிண்டருக்குத் தெரியும். கறுப்பில் ஒரே கறுப்பு என்று எதுவும் கிடையாது.

---

திருச்சி_செடான் எழுதியது

ஒரு எச்சரிக்கை எழுதத்தான் வந்தேன். போன வருடம் என் பழைய கறுப்பு செடானில் நானே பாலிஷ் போட்டேன். பானெட்டின் நடுவில் ஓடும் மடிப்பு விளிம்பில் டேப் ஒட்டாமல் ரோட்டரியை ஓட்டினேன். ஒரே ஒரு விநாடி நின்றிருக்கும். கறுப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பிரைமர் தெரிந்தது, ஒரு நெல்மணி அகலம்தான். ஆனால் அந்த நெல்மணிக்காக முழு பானெட்டையும் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. விளிம்புகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லிதாகத்தான் இருக்கும். மெஷினின் முழு எடையும் அந்த ஒரு கோட்டின் மேல்தான் இறங்கும். எல்லா மடிப்புக்கும், கதவு விளிம்புக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அந்த இடத்தைக் கையால் மட்டும் பாருங்கள். முதல் தடவை என்றால் ரோட்டரி வேண்டாம், டூயல் ஆக்ஷன் மெஷின் போதும். அது சுற்றிக்கொண்டே ஆடுவதால் ஒரே இடத்தில் சூடு சேராது.

---

கோவை_ஈ220 எழுதியது (அடுத்த ஞாயிறு, இரவு 10:20)

முதல் கட்டம் முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போர்வெல் தண்ணீரைத் தொடவில்லை. எங்கள் போர்வெல்லில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும். சிறுவாணித் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து, ஷாம்பூவுக்கு ஒரு பக்கெட், அலச ஒரு பக்கெட் என்று கழுவினேன். இரும்புத்தூள் எடுக்கும் கெமிக்கலை டிக்கியில் அடித்ததும் இரண்டு நிமிடத்தில் ஊதா ஊதாவாக வழிந்தது. எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லேத் பட்டறை இருந்தது, அதன் தூள் எல்லாம் இங்கேதான் போலிருக்கிறது. அப்புறம் களிமண் பார், பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கிற கட்டி. உள்ளங்கை அகலத்துக்கு எடுத்து, நிறைய ஈரம் விட்டு, அழுத்தாமல் ஓட்டினேன். முதலில் மணல்மேல் போகிற மாதிரி சரசரவென்று ஒரு சத்தம். அது நின்ற பிறகு அந்த இடம் கழுவிய பீங்கான் தட்டு மாதிரி இருந்தது.

மாறன் அண்ணா சொன்ன 7ஆம் நம்பர், வெள்ளி இரவு ஒன்று, சனி இரவு ஒன்று. கறுத்த துணிகள் மட்டும் ஒரு வாளி.

இன்று காலை பானெட்டின் நடுவில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டிப் பிரித்தேன். மிருதுவானதிலிருந்து தொடங்கினேன். முதலில் மிருதுவான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ். பளபளப்பு வந்தது, கோடு அப்படியே இருந்தது. அடுத்து நடுத்தர ஃபோமில் அதே பாலிஷ். பாதி போனது. மூன்றாவது, நடுத்தர ஃபோமில் காம்பவுண்ட், நாலு தடவை குறுக்கும் நெடுக்கும், மெஷினை ஒரு விநாடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்த்தாமல். பிறகு மிருதுவான ஃபோமில் முடித்தேன்.

தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு துணியில் லேசாகத் தொட்டுத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தேன். எண்ணெய் மறைத்திருந்தால் இதில் தெரிந்துவிடும் என்று படித்திருந்தேன். டேப்புக்கு இந்தப் பக்கம் டார்ச்சின் பல்பு ஒரு புள்ளியாக, அதைச் சுற்றி ஒன்றுமே இல்லாமல் இருட்டு. டேப்புக்கு அந்தப் பக்கம் அதே பல்பைச் சுற்றி பஞ்சு மாதிரி ஒரு மூட்டம். இடையில் கால் அங்குல டேப். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, புது வண்டி வந்த அன்று இப்படித்தான் வாசல் வேப்பமரம் இதில் இலை இலையாகத் தெரிந்தது என்றார்.

மீட்டரில் முன்பு 114, இப்போது 112. அதே இடத்தில் மூன்று தடவை அளந்து பார்த்தேன்.

இன்னும் நாலைந்து கோடு மெல்லிதாகத் தெரிகிறது. இன்னொரு சுற்று கனமாகப் போகலாமா? 2000 நம்பர் உப்புத்தாள் பேப்பர் போட்டால் முழுக்கப் போய்விடும் என்கிறான் நண்பன்.

---

மைக்ரான் எழுதியது

நிறுத்துங்கள். தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள்.

இந்தப் பெயிண்டுக்கு மேலே கிளியர் இல்லை, நிறமே காப்பு. 112இல் அடி அடுக்குகள் 50, 55 போனால் மிச்சம் 60 வாக்கில். கேட்க நிறைய இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் இந்த வண்டியை நீங்கள் இன்னும் 20 வருடம் வைத்திருப்பீர்கள், நடுவில் எத்தனை தடவை பாலிஷ் தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது. 2000 பேப்பர் ஒரே அமர்வில் எத்தனையோ பாலிஷுக்கான பெயிண்டைத் தின்றுவிடும். மெல்லிய நாலைந்து கோட்டுக்காக அதைச் செலவழிப்பது நியாயமில்லை. பத்தில் எட்டு போயிருக்கிறது. நான் ஆலையில் வெளியே விடுகிற புது வண்டியைக் காலை வெயிலில் நிறுத்தினால் அதிலும் நாலு கோடு காட்டுவேன்.

டிக்கி மூலையில் 97 என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா? அங்கே காம்பவுண்டே வேண்டாம். ஃபினிஷிங் பாலிஷ் மட்டும்.

பேட் விஷயத்தில் ஒன்று. ஒற்றை அடுக்கில் வெட்டிய பெயிண்ட் எல்லாம் பேடில் ஏறிப் பசையாகிவிடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், பேனலுக்குப் பேனல் புது பேட் மாற்றுங்கள். அடைத்துப்போன பேட்தான் புதுக் கோடு போடும். கைவைத்துச் சூடாகத் தெரிந்தால் அந்தப் பேனலை ஆறவிடுங்கள். கதவுக்குக் கீழே உள்ள பட்டை பிளாஸ்டிக், சூட்டைத் தகரம் மாதிரி கடத்தாது, அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

---

வாட்டர்பேப்பர்_மதுரை எழுதியது

அக்கா சொல்வதுதான் சரி. பேப்பரைக் கையில் எடுக்காதீர்கள்.

இடது மட்கார்டில் இருக்கிற 6 கோடும் புது பெயிண்டோடு போய்விடும். நகம் சிக்குகிற மிச்சம் 5 கோட்டுக்கு டச்சப், அதாவது கோட்டில் மட்டும் பெயிண்ட் நிரப்புவது. ஒற்றை அடுக்கில் இது எளிது, மேலே கிளியர் போட வேண்டாம். கோட்டை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, பல்குச்சி நுனியில் பெயிண்ட் தொட்டுக் கோட்டுக்குள் மட்டும் இறக்குங்கள். பாட்டிலில் வருகிற பிரஷ் வேண்டாம், அது கோட்டைவிட அகலம். ஒரே தடவையில் நிரப்பாதீர்கள், காயும்போது அமுங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தடவை. லேசாக மேடு தட்டியதும் ஒரு வாரம் விட்டு, கையாலேயே காம்பவுண்ட் போட்டு மேட்டைத் தேயுங்கள். உற்றுப் பார்த்தால் தெரியும், நின்று பார்த்தால் தெரியாது.

---

டாலர்சிட்டி_ரவி எழுதியது

பானெட் படம் பார்த்தேன். நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், இது நிஜமாகவே நன்றாக வந்திருக்கிறது. ஒரு கேள்வி. முடித்த பிறகு செராமிக் கோட்டிங் போட்டுவிடலாம் அல்லவா? திரும்பக் கோடு விழாதே?

---

கிள்ளான்_மாறன் எழுதியது

ரவி, கோட்டிங் போட்டாலும் புழுதித் துணி கோடு போடத்தான் செய்யும். அது ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் பூச்சு. தண்ணீர் ஓடும், கழுவ எளிது, அவ்வளவுதான். அதோடு கோட்டிங் ஒட்ட வேண்டுமென்றால் எண்ணெய்ச்சத்தை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். இரண்டு இரவு ஊறவைத்து ஏற்றியதை எதற்காக வழித்தெடுப்பது? என் வண்டிக்குக் கார்னௌபா மெழுகு (ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருவது), இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையால். கறுப்பில் அது கொடுக்கும் ஈரமான ஆழம் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

கழுவும் முறையை மாற்றினால்தான் கோடு நிற்கும். தம்பி, இனி காய்ந்த துணி வண்டியின் பக்கமே வரக்கூடாது. வீட்டில் துடைக்கிற ஆள் இருந்தால் அவரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

---

கோவை_ஈ220 எழுதியது (மூன்று வாரம் கழித்து, காலை 7:50)

பானெட், மேற்கூரை, வலது பக்கம் முழுவதும், இடது பின் கதவு, பின் மட்கார்டு முடிந்தன. ஒரு பேனலுக்கு மூன்று மணி நேரம் வாக்கில் ஆனது. எங்குமே 3 மைக்ரானுக்கு மேல் குறையவில்லை, முன்பின் அளவுகளை எழுதிய தாளைச் சர்வீஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். இடது முன் கதவு மறு பெயிண்ட் என்றாலும் அதே முறையில் நன்றாகவே வந்தது. மட்கார்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். பட்டிக்கு அடியில் துரு இல்லை.

டச்சப் நாலு கோட்டுக்குச் செய்தேன். ஐந்தாவது டிரைவர் கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருப்பது, அப்பாவின் மோதிரம் பட்டு வந்தது. அதைச் சுற்றி பாலிஷ் மட்டும் செய்துவிட்டு விட்டுவிட்டேன்.

காலையில் துடைக்க வருகிற அண்ணனிடம் பேசினேன். டார்ச் அடித்துக் காட்டியதும் அவரே, இத்தனை நாள் யாரும் சொல்லலையே தம்பி என்று வருத்தப்பட்டார். இப்போது வாரம் ஒரு நாள், இரண்டு பக்கெட், இரண்டு பேரும் சேர்ந்து கழுவுகிறோம். பழைய கவரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். போர்ட்டிகோவின் மேற்குப் பக்கம் ஒரு தட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன், ஆடிக்குள் வந்துவிடும்.

டிக்கி மூடி மட்டும் பாக்கி. அந்த 97 மூலையை நினைத்தால் கை கொஞ்சம் தயங்குகிறது, அதனால் அங்கே மெஷினே வேண்டாம், கையால் என்று முடிவு செய்திருக்கிறேன். நாளை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு மெழுகு பூசிப் படம் போடுகிறேன்.